வெட்டுப்படாத பீரங்கி

பாப்பா அந்தக் கடிதத்தை மூன்றாவது தடவையாகச் சத்தம் போட்டு வாசித்தாள். இழைப்புளியாருக்கு முதல் தடவையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. மற்ற இரண்டு தடவையும் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கள் பூங்காவில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ள பீரங்கியின் குழல் விதிப்படி வெட்டப்படாமல் முழுமையாக இருப்பது, தாங்கள் அனுப்பிய கையேட்டிலிருந்தும் புகைப்படத்திலிருந்தும் தெரியவருகிறது. ஆகவே வரும் பதினெட்டாம் தேதி காலை எங்கள் குழு நேரில் வந்து குழலை வெட்டிச் செயலிழக்கச் செய்யும்." கடிதத்தை மேஜை மேல் போட்டாள். "பாத்தீங்களா மாமா? வெட்டுவாங்களாம்! எங்கப்பா கெஞ்சிக் கூத்தாடிக் காப்பாத்திக் கொண்டுவந்ததை!"

பாப்பா என்றதும் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். வயது நாற்பத்து நான்கு. நகராட்சிப் பூங்காவின் போர் நினைவு அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளர். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே காவலாளிகள் இரண்டு பேரும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். ஆனால் அவளுடைய தொட்டிலைச் செய்து கொடுத்தவருக்கு அவள் பாப்பாதானே. இழைப்புளியார் தச்சர். இழைப்புளி என்பது பாப்பாவின் அப்பா வைத்த பட்டப்பெயர். எதை எடுத்தாலும் வழவழப்பாகும்வரை விடமாட்டார் என்பதற்காக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. இப்போது எழுபத்து மூன்று வயதில், சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்ப்பார்.

பாப்பாவின் அப்பாவை ஊரில் பூங்காக்காரர் என்பார்கள். இன்றைக்கு அவள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவர். அவர் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பீரங்கியை ஊருக்குக் கொண்டுவந்தது அவர்தான். ராணுவம் ஓய்வு கொடுத்த பீரங்கிகளைப் பார்வைக்கு வைக்கக் கொடுக்கும்போது குழலை வெட்டி மொட்டையாக்கித்தான் கொடுப்பார்களாம். பூங்காக்காரர் கிடங்கு வாசலிலேயே மூன்று நாள் பழியாய்க் கிடந்து தளபதியின் மனதைக் கரைத்து, குழல் வெட்டுப்படாமல் வாங்கி வந்தாராம். அந்தத் தொகுப்பில் முழுசாகத் தப்பித்தது எங்கள் ஊர்ப் பீரங்கி ஒன்றுதான். இதைச் சொல்லாத ஆள் ஊரில் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் கட்டுரையில் எழுதுவார்கள். சவரக்கடைக்காரர் கத்திரியை நிறுத்திவிட்டுச் சொல்வார். பாப்பா அதைப் பளபளவென்று கையேடாகவே அச்சடித்துவிட்டாள்.

அதோடு விட்டாளா? பூங்காவுக்கு ஒரு பழைய ராணுவ ஜீப் வேண்டுமென்று விண்ணப்பம் போட்டாள். பொருட்களை நாங்கள் எவ்வளவு அருமையாக வைத்துக் காப்பாற்றுகிறோம் பாருங்கள் என்று காட்ட, அந்தக் கையேட்டையும் சேர்த்து அனுப்பிவிட்டாள். ஜீப் வரவில்லை. இந்தக் கடிதம்தான் வந்தது.

"நீங்க அப்பாகூடவே இருந்தவங்க. எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் பாப்பா. "குழல் முழுசாத்தான் வந்துச்சு, தளபதி அனுமதி கொடுத்தாரு, நான் நேர்ல பாத்தேன்னு ஒரு வாக்குமூலம் எழுதித் தாங்க. மீதியை நான் பாத்துக்கிறேன்."

இழைப்புளியார் சட்டைப் பையைத் தடவினார். "கண்ணாடியை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன் பாப்பா."

கண்ணாடி அவர் மூக்கு மேலேயே இருந்தது. கடிதக் கோபத்தில் இருந்ததால் பாப்பா அதைக் கவனிக்கவில்லை.

நடந்தது என்ன என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். அதில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்கு லாரியின் பின்கதவைத் திறந்தபோது, உள்ளே தும்பிக்கை போன யானை மாதிரி நின்றது பீரங்கி. ராணுவம் விதியை விதியாகத்தான் செய்திருந்தது. குழலில் இரண்டடி மிச்சம், மற்றதெல்லாம் போச்சு. மூன்று நாள் கிடங்கு வாசலில் கிடந்தது வாஸ்தவம். தளபதி தேநீர் கொடுத்து உபசரித்ததும் வாஸ்தவம். வெட்டாமல் கொடுத்ததுதான் இல்லை. திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அழைப்பிதழ் ஊரெல்லாம் போய்விட்டது. பூங்காக்காரர் லாரி சக்கரத்தின் பக்கத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிய்யா" என்றார் இழைப்புளியார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது, செய்ய முடியாதது என்று ஒன்று இருப்பதாகவே தெரியாத வயது. "மரத்துல ஒண்ணு கடைஞ்சு மாட்டிடலாம்."

அந்தப் பன்னிரண்டு நாளை நினைத்தால் இப்போதும் அவருக்கு உடம்பில் ரத்தம் வேகமாக ஓடும். தந்தி இலாகா கழித்துப் போட்ட கம்பம் ஒன்று ரயிலடியில் கிடந்தது. நல்ல வைரம் பாய்ந்த மரம். பதினோரு அடிக்குக் கடைசல் பட்டறை ஊரில் ஏது? இரண்டு முளைக்கு நடுவே கம்பத்தைப் படுக்கப் போட்டு, பூங்காக்காரரின் சைக்கிளைக் கவிழ்த்து, பின்சக்கரத்திலிருந்து கயிற்றுப் பட்டை போட்டார்கள். நகராட்சி அதிகாரியான பூங்காக்காரர் கையால் மிதிகட்டையைச் சுற்றுவார், தச்சர் உளி பிடிப்பார். மரச்சுருள் பறந்து அதிகாரியின் எண்ணெய் வைத்துச் சீவிய தலையில் கொத்தாக உட்காரும். "வேகமாச் சுத்துய்யா, சம்பளம் வாங்கலையா?" என்பார் இவர். "உங்கிட்ட வேலை பாக்குறதுக்கு நான் போருக்கே போயிருக்கலாம்" என்பார் அவர். இரண்டு பேரும் அவ்வளவு சிரித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடிப்பக்கத்தைக் குடைந்து, மிச்சமிருந்த இரும்பின் மேல் உறைபோல இறக்கினார்கள். வாய்ப்பக்கம் ஒரு முழம் ஆழத்துக்குத் துளை போட்டு உள்ளே கரி பூசினார்கள். இடுக்குகளை அடைக்க மக்குப் பூச்சு வைத்துத் தேய்த்து, செந்நிற அடிப்பூச்சு கொடுத்து, மேலே ராணுவப் பச்சை அடித்தார்கள். முதலில் கலக்கிய பச்சை கிளிப்பச்சையாக வந்து தொலைத்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார்கள். முடிந்தபோது மரம் எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று இழைப்புளியாருக்கே விரலால் தடவித்தான் தெரிந்தது. அவர் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே அதுதான் சிறந்தது. அதை மட்டும் தான் செய்ததாக அவரால் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

விழாவில் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தது. சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. பிறகு பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டபோது பூங்காக்காரர் வாயில் தளபதி கதை வந்துவிட்டது. வந்தது வளர்ந்தது. பிறகு அதை யார் நிறுத்த முடியும்? பீரங்கியைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டினார்கள். வருஷா வருஷம் இரண்டு பேரும் மட்டுமே வேலிக்குள் போய்ப் பூச்சு அடித்தார்கள். பூங்காக்காரர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கடைசி வாரத்தில், மூச்சு வாங்க வாங்க ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பாப்பாவுக்குத் தெரிய வேணாம்யா. அவ என்னைப் பெருசா நெனச்சுட்டு இருக்கா." இழைப்புளியார் கையைப் பிடித்துச் சரி என்றார்.

அந்தச் சரிதான் இப்போது கழுத்தைப் பிடித்தது. வாயைத் திறந்தால் செத்தவருக்குக் கொடுத்த வாக்குப் போகும். மகள் மனதில் இருக்கும் அப்பா ஒரு நொடியில் பொய்யராகிவிடுவார். திறக்காவிட்டால் பாப்பா ராணுவத்திடம் பொய்யை எழுத்தில் கொடுத்து மாட்டிக்கொள்வாள்.

சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்து பதினைந்தாம் தேதி அவள் வீட்டுக்குப் போனார். பாப்பா காபி கொண்டுவந்தாள். "பாப்பா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார். கூடத்துச் சுவரில் பூங்காக்காரர் படத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். "...அந்தச் சமையலறைக் கதவு இன்னும் தரையில இழுக்குதா?" என்று முடித்தார். இழுத்தது. கழற்றி, அடியில் இழைத்து, மாட்டிவிட்டு வந்தார். பதினாறாம் தேதி மறுபடி போனார். அன்றைக்கு ஜன்னலுக்குக் கொக்கி போட்டார். இரண்டு நாளில் அந்த வீட்டில் மராமத்து வேலை எல்லாம் தீர்ந்துபோயிற்று, சொல்ல வந்தது மட்டும் பாக்கி நின்றது.

பதினெட்டாம் தேதி காலை எட்டரைக்கே ராணுவ வண்டி வந்துவிட்டது. கேப்டன் ஒருவர், முப்பது வயதுக்கு மேல் இருக்காது, நல்ல மரியாதைக்காரர். கூடவே வெல்டர் ஒருவர், எரிவாயு உருளையும் வெட்டும் குழாயுமாக. கூரைக்கு அடியில் தீ வைத்து வெட்ட முடியாது என்று, பத்துப் பேரைப் பிடித்துப் பீரங்கியை வெளியே திறந்த மைதானத்துக்குத் தள்ளிக் கொண்டுவந்தார்கள். கையெழுத்து, படிவம், வேடிக்கை பார்க்க வந்தவர்களை அப்புறப்படுத்துவது என்று எல்லாம் முடிவதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது.

பாப்பா பீரங்கிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், யாரும் கிட்டே வரக்கூடாது என்பது போல.

"மேடம், ஒரு சின்னக் குழப்பம்" என்றார் கேப்டன். கையில் ஒரு பழைய பதிவேட்டின் நகல் இருந்தது. "எங்க பதிவேட்டுல இந்த எண்ணுக்கு நேரா 'குழல் வெட்டப்பட்டது'ன்னு இருக்கு. கிடங்கு அதிகாரி கையெழுத்தே இருக்கு. நீங்க வெட்டலைன்னு கையேடு போட்டிருக்கீங்க."

"எங்கப்பா கேட்டுக்கிட்டதால தளபதி வெட்டாம விட்டாரு. பதிவேட்டுல சும்மா எழுதியிருப்பாங்க."

"அப்ப அந்த அதிகாரி பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கார்னு ஆகுது. அவர் இப்ப உயிரோட இருக்கார் மேடம், ரொம்ப வயசாச்சு. நீங்க எழுத்துல கொடுத்தா அவர் மேல விசாரணை வரும். அவர் சொல்றது சரின்னு ஆனா உங்க மேல நடவடிக்கை வரும். ரெண்டுல ஒண்ணு பொய்."

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்றாள் பாப்பா. கையை நீட்டினாள். "எங்க கையெழுத்துப் போடணும், கொடுங்க."

பேனாவை வாங்கினாள். வெல்டர் இந்தப் பக்கம் பற்றவைத்தார்; நீலத் தீ சீறிக்கொண்டு வந்தது. இழைப்புளியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாய் ஓடிவிட்டது.

"கையெழுத்துப் போடாத பாப்பா! அது மரம்! ஐயா, தீயை அணைங்க, அது மரம்!"

பெரியவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். அவர் மடியிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். முப்பத்தெட்டு வருஷமாகத் தாமே அடித்த பூச்சை, பச்சை மேல் பச்சையாகச் சுரண்டினார். செந்நிற அடிப்பூச்சு வந்தது. அதற்கும் கீழே பழுப்பு நிறத்தில் ரேகை ஓடியது. கேப்டன் குனிந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது. சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டுவிட்டு, "எங்க பதிவேடு சரியாத்தான் இருக்கு" என்றார். "யார் மேலயும் நடவடிக்கை இல்ல மேடம். மாதிரிக் குழல் வெச்சுக்கலாம், தப்பே இல்ல. பலகையில மாதிரின்னு எழுதிட்டாப் போதும்."

பாப்பா சிரிக்கவில்லை. சுரண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இழைப்புளியாருக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் நினைவுக்கு வந்தது. இதைப் பார்க்கக் கூடாது என்றுதானே அந்த மனிதர் மூச்சை இழுத்துப் பிடித்துக் கேட்டார்.

"ஆக, ஊரே நம்பின கதை பொய்" என்றாள். "எதுக்கு மாமா? பேரு வாங்கவா? எனக்கு ஆறு வயசுல இருந்து அதைச் சொல்லித்தானே சோறு ஊட்டினாரு."

"பேருக்கு இல்ல. விழாவுல மைக்கைப் பிடிச்சுச் சொல்றதாத்தான் இருந்தாரு. 'குழலை நம்ம தச்சர் செஞ்சாரு'ன்னு காகிதத்துல எழுதியே வெச்சிருந்தாரு, நான் பாத்தேன்." இழைப்புளியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இதை அவர் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "ரிப்பன் வெட்டினதும் கூட்டத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க. அவங்க மகன் இந்தப் பீரங்கியில வேலை பாத்தவனாம். அவன் கடுதாசியில எழுதின எண்ணும் சக்கரத்து மேல இருக்குற எண்ணும் ஒண்ணு. பையன் திரும்பி வரல. ஒடம்பும் வரல. அவங்க நேரா வந்து குழலை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சு, கன்னத்தை வெச்சு அப்படியே நின்னுட்டாங்க. அஞ்சு நிமிஷமோ பத்து நிமிஷமோ. கூட்டத்துல ஒரு சத்தம் இல்ல. உங்கப்பா என்னைப் பாத்தாரு, நான் அவரைப் பாத்தேன். அந்த அம்மா புடிச்சிட்டு நிக்கிறது தந்திக் கம்பம்னு எந்த வாயால சொல்றது? காகிதத்தை மடிச்சுப் பையில வெச்சுட்டாரு."

பாப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"அப்புறம் வருஷா வருஷம் மகன் பிறந்த நாளுக்கு வருவாங்க. வேலிக்குள்ள அவங்களை மட்டும் விடுவோம். சாகுற வரைக்கும் வந்தாங்க. ஒவ்வொரு தடவையும் எங்க ரெண்டு பேருக்கும் நெஞ்சு குறுகுறுன்னு இருக்கும். பாவம், ஏமாத்துறோமேன்னு."

கேட்டுக்கொண்டே நின்ற கேப்டன், கால் மாற்றி நின்று, கையைப் பீரங்கியில் கேடயம் போல நின்ற முன்தகட்டில் ஊன்றினார். அடுத்த நொடி "அம்மா!" என்று அலறிக் கையை உதறினார். உள்ளங்கை சிவந்துபோயிருந்தது. வெல்டர் தண்ணீர்ப் புட்டியோடு ஓடிவந்தார்.

"இரும்பு சார் அது, வெயில்ல கெடக்கு. பாத்து வைக்கக் கூடாதா?" என்றார்.

இழைப்புளியார் கேப்டனின் உள்ளங்கையைப் பார்த்தார். முன்தகட்டைப் பார்த்தார். தாம் சுரண்டிய இடத்துக்குப் பக்கத்தில் குழல் மேல் கையை வைத்தார். இளஞ்சூடாக இருந்தது. கையை எடுக்கவில்லை.

"மாமா, என்னாச்சு?"

"விழா மத்தியானம் பன்னெண்டரைக்கு ஆரம்பிச்சுச்சு" என்றார் மெதுவாக. "மந்திரி லேட்டு. காலையில இருந்து வெயில்லதான் கெடந்துச்சு பாப்பா. அன்னிக்கு இதுக்குக் கூரை இல்ல."

பாப்பா அவர் முகத்தையே பார்த்தாள்.

"கூரை அந்த அம்மா போட வெச்சது. விழா முடிஞ்ச மறுவாரமே நகராட்சிக்கு மனு எழுத ஆரம்பிச்சுட்டாங்க. மழையில நனையக் கூடாது, வெயில்ல காயக் கூடாது, கூரை போடுங்கன்னு. ஒண்ணு இல்ல, பதினேழு மனு. உங்கப்பாவும் நானும் சிரிச்சோம். போர்க்களத்துல மழையிலயும் சேத்துலயும் நின்னதுக்குக் கூரை எதுக்கு, பாவம், புள்ளையா நெனச்சுக் கேக்குறாங்கன்னு..."

எழுபத்து மூன்று வயது ஆள், அத்தனை பேருக்கு முன்னால், தாம் கடைந்த மரத்தின் மேல் நெற்றியை வைத்து அழுதார். பாப்பா வந்து தோளைப் பிடித்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள். இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து ஒரு தாயை ஏமாற்றிவிட்டோம் என்று வருஷக்கணக்காகப் புழுங்கினார்கள். கன்னத்தை வைத்த முதல் நொடியிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கையை எடுக்காமல் நின்றிருக்கிறாள். தெரிந்தும் வருஷா வருஷம் வந்திருக்கிறாள். எதிரே திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்ற இரண்டு பேரையும் கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை. இதைக் கேட்டுச் சிரிக்கவும் அழவும் பூங்காக்காரர் இல்லையே என்பதுதான் இழைப்புளியாருக்கு அப்போது தாங்கவில்லை.

கேப்டன் நனைந்த கையோடு தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், அந்தப் பலகைக்கான படிவத்துல... செஞ்சவர் பேர்னு ஒரு இடம் இருக்கு."

பாப்பா பேனாவின் மூடியைத் திறந்தாள். "அப்பா மடிச்சு வெச்சதை நான் எழுதுறேன் மாமா. உங்க சொந்தப் பேரு சொல்லுங்க."

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுற்றி நின்ற பத்துப் பேரையும் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"பேரு கெடக்கட்டும். என்னய்யா வேடிக்கை பாத்துட்டு நிக்கிறீங்க? கூரைக்குள்ள தள்ளுங்க. மரம் காயுது."